மீன்கார அக்காவின் கருப்பு வெள்ளைப் படம்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். இருந்தாலும் இதைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

இரும்புலியூரில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வண்ணம் கலக்கிக் கொடுப்பதாலோ என்னவோ, போனில் படம் எடுக்கும்போது எனக்குக் கருப்பு வெள்ளைதான் பிடிக்கிறது. மாடம்பாக்கம் கோயில் மதிலின் நிழல், மின்கம்பியில் காக்கை, மழை விட்ட தார்ச்சாலை என்று எடுப்பேன். மனிதர்களை எடுப்பதில்லை. அவர்களிடம் கேட்க வேண்டுமே!

வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்கும் அக்காவிடம். பூக்கடையை ஒட்டி உட்காருவார். பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் நேராக அவர் கூடையில்தான் விழிப்பார்கள். பத்தடி தள்ளிப் போனால் அந்த வியாபாரம் கிடையாது.

“எடுத்துக்கோ சார், நான் இன்னா கொறஞ்சா பூடுவேன்?” என்று சிரித்தார்.

பூக்கடையில் தொங்கிய மல்லிச் சரங்களுக்கு நடுவே முகம் வருகிற மாதிரி எடுத்தேன். சுருக்கம், பல், மூக்குத்தி எல்லாம் அப்படியே விழுந்தன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். என்ன எழுதுவதென்று தெரியாததால் கீழே தேதியை மட்டும் போட்டேன். பெயிண்டுக்காக என் எண்ணை வாங்கி வைத்திருந்த பலர், அந்தச் சந்திப்பில் கடை போடுகிறவர்கள் உட்பட, கும்பிடு அனுப்பினார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் “மிக்க நன்றி” என்று பதில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கடல் கொந்தளிப்பு. மூன்று நாள் படகு போகவில்லை. அக்காவும் வரவில்லை.

நான்காம் நாள் நான் பேருந்தை விட்டு இறங்கும்போதே சத்தம். அக்காவின் இடத்தில் இளநீர் மலையாகக் குவிந்திருந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா இளநீர்க்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“யோவ், என் எடத்துல இன்னாயா பண்ணிகினு கீற?”

“நீ செத்துப் பூட்டன்னு சொன்னாங்களேக்கா!”

“பூட்டவ கையில வஞ்சிரம் எப்டியா வரும்?”

“கருப்பு வெள்ளை போட்டோ, தலைக்கு மேல பூ, கீழ தேதி. வேற இன்னான்னு நெனைக்கிறது? இந்தா, வெச்ச சாரே வந்துட்டாரு!”

எல்லோரும் திரும்பினார்கள். வந்த பேருந்திலேயே திரும்ப ஏறிவிடலாமா என்று பார்த்தேன். அது போய்விட்டது. அக்காவின் கூடையில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான்தாங்க வச்சேன்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். “அழகா இருந்துச்சுன்னு வச்சேன். தப்பு என்னோடது. இடம் அக்காவோடது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உசுரோட கீறவளுக்கு எவனாச்சும் கலர் இல்லாம போட்டோ போடுவானா சார்?”

பூக்கடை அம்மா சிரித்துவிட்டார். இளநீர்க்காரர் மட்டும் அசையவில்லை. “இடம் அவங்களுதுன்னா எடுத்துக்கட்டும். ஆனா இத்தினி காயையும் இன்னொரு தபா என்னால தூக்க முடியாது சார்.”

“நான் தூக்குறேன்,” என்றேன்.

தூக்கினேன். இரண்டு கையிலும் குலை குலையாக, பூக்கடைக்கு அந்தப் பக்கம். பேருந்துக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா தண்ணீர் தெளித்துத் தன் இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த பேருந்து வந்து நின்றது. இறங்கிய ஒரு ஆசிரியை, “ஐயோ, நீங்களா!” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அரை கிலோ வாங்கினார்.

கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

மறுநாள் தோள் வலி. வேலைக்குப் போகவில்லை. அக்கா அதே இடத்தில் சங்கரா மீன் விற்றதாக என் மனைவி வந்து சொன்னாள்.