சவுரிராயனின் கண்கள்

ஆரோக்கியசெல்விக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் உளவியல் துறையில் வேலை. ஊர் ஊராகப் போய், கண்கள் மட்டும் தெரிகிற புகைப்படங்களை டேப்லெட்டில் காட்டி, இந்த ஆளின் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்க வேண்டும். படத்துக்குக் கீழே நான்கு சொற்கள். பார்ப்பவர்கள் தொடுகிற சொல் சரியா தப்பா என்று டேப்பே சொல்லிவிடும். முகம் பார்த்து அடுத்தவர் மனசை எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கிறோம் என்று அளக்கிற ஆய்வு.

வெளிநாட்டு முகங்கள் இங்கே ஒத்துவராது என்று பேராசிரியை சித்ரா உள்ளூர் ஆட்களையே படமெடுத்தார். ஆள் குறையவே, செல்வி திண்டிவனத்திலிருந்து தன் தம்பி சவுரிராயனை அழைத்து வந்தாள். நிம்மதியாக இருப்பதுபோல் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான். அந்த மாதக் கடைசியில், போனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது, "நல்லாத்தான் சார் இருந்தான்" என்றாள் செல்வி.

தம்பியின் கண்களோடு ஊர் சுற்றுவது முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது. கண்டமங்கலத்தில் ஒரு டீக்கடைக்காரர் 'பயம்' என்பதைத் தொட்டார். டேப் தப்பு என்றது. அங்கேயே ஒரு கல்லூரிப் பெண்ணும் அதையே தொட்டாள். பிறகு போன இடமெல்லாம் அதுதான்.

திருவாமாத்தூரில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் டேப்பைக் கிட்டே வாங்கிப் பார்த்தாள்.

"பயந்துகினு கீறான்மா. என்னா ஏதுன்னு யாராவது கேட்டீங்களா?"

செல்வி டேப்பை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அன்று வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்கு நடிக்க வரலன்னு நெனச்சுக்கோ, செல்வி" என்று சொல்லி, சித்ரா அந்தப் படத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். எடுத்தும் பயனில்லை. மற்றப் படங்களும் அவளைக் கேள்வி கேட்பதுபோலவே பார்த்தன. பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்த அம்மா சவுரியம்மாளிடம் அதுவரை மறைத்த படத்தைச் செல்வி காட்டினாள். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு சொற்களையும் படித்துக் காட்டினாள்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எதுவும் இல்லடி. என்னமோ சொல்ல வந்துட்டு, வாணாம்னு முழுங்கிக்கினு இருக்கான்."

செல்வி மறுபடி பார்த்தாள். இப்போது அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. காலைவரை அவளுக்கும் பயமாகவே தெரிந்த அதே கண்கள்.