கடைசி ஆளின் மஞ்சப்பை

வாரநாளில் நான் ஓட்டுவது எஸ்டேட் ஜீப்பு. விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களைப் போடியில் ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறுவேன்; சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குரங்கணிப் பக்கம் சவாரி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஜீப்பை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இடுக்கு எந்தப் பக்கம்ணே?" என்பதுதான்.

இடுக்கு என்பது நாங்கள் சொல்லும் பெயர். மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது, நடுவில் ஓடை. உள்ளே சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பாறையையும் தொடலாம். சில இடங்களில் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில்தான் நகர முடியும். தண்ணீரிலேயே நடந்து போனால் கடைசியில் ஒரு சின்ன அருவி, அதன் கீழே ஒரு குளம். போன வழியேதான் திரும்ப வேண்டும். பாறை முழுக்கத் தண்ணீர் அறுத்த வரிகள். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்த வரிகள் எல்லாம் கருப்பட்டி நிறத்துக்கு மாறும். எத்தனை தடவை போனாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

செல்போனில் படம் பரவிய பிறகு கூட்டம் திருவிழா போல வந்தது. போகிறவனும் வருகிறவனும் நடு இடுக்கில் முட்டிக்கொண்டு, பின்னால் இருப்பவன் தள்ள, குழந்தைகள் அழ, ஒருவரும் நகர முடியாமல் நிற்பார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து மேலே இருக்கிறது. மலை உச்சியில் மழை பெய்தால் கீழே ஒரு சொட்டுக்கூட விழாமலே ஓடை பெருகிவிடும். உள்ளே இருப்பவருக்கு ஏற இடமில்லை.

அதற்குப் பிறகுதான் வனத்துறையினர் இடுக்கின் வாசலில் சங்கிலி போட்டார்கள். அடிவாரத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் காவலுக்கு வைத்தார்கள். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நிற்பார். அவர் கண்டுபிடித்த முறை ரொம்ப எளிது. ஒரு கூட்டம் உள்ளே போகும்போது ஆகக் கடைசியாக நடப்பவர் கையில் ஒரு மஞ்சப்பையைக் கொடுப்பார். வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பும்போதும் எல்லாருக்கும் பின்னால்தான் வர வேண்டும். பை வெளியே வந்தால் இடுக்கு காலி என்று அர்த்தம். பை வந்து கம்பத்தில் தொங்கினால்தான் அடுத்த கூட்டத்துக்குச் சங்கிலி இறங்கும்.

இந்த முறை வந்த பிறகு உள்ளே நெரிசலும் இல்லை, சிப்ஸ் பாக்கெட்டும் இல்லை. ஒருநாள் பெரிய காரில் வந்தவர், வரிசையில் நிற்க மனமில்லாமல் யாருக்கோ போன் போட்டு, "சார் பேசுறார், பேசும்மா" என்று நீட்டினார். காவலுக்கு நின்ற பெண் போனை வாங்கவே இல்லை. "தண்ணிகிட்டக் குடுங்க சார். அது சரின்னு சொன்னா நான் விடுறேன்" என்றார். அன்று முதல் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. என்னையும் அதே கணக்கில்தான் வைப்பார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி இடுக்கைப் பார்த்ததே இல்லை. என் ஜீப்பில் வேலைக்கு வந்தவள்தான் அவள். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். சிறு வயதிலிருந்தே காய் எடுக்கிற சோலி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். அந்த உட்காரல் அவள் முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மலை, பாறை, வழுக்கல் எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "ஊரு ஒலகத்தையே கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்க. எனக்கு ஒரு தடவ காட்டுங்க. இனி எப்பப் போகப் போறேன்?"

 அவளாக எதையும் கேட்கிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு சவாரி எதுவும் ஏற்றவில்லை. அவளை மட்டும் முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டினேன். வாசலில் நல்ல வரிசை. நான் வரிசையைக் கண்டுகொள்ளாமல் நேராகச் சங்கிலி வரை அவளைக் கூட்டிப் போனேன்.

"அண்ணே, வரிசை அங்க இருக்கு" என்றார் காவலுக்கு நின்ற பெண்.

"தங்கச்சி, நம்ம வீட்டு ஆளு. முழங்கா வலி, நிக்க முடியாது."

"ஒக்கார வச்சிருங்க. அந்தக் கல்லுல நெழல் இருக்கு. ஒங்க மொறை வர்றப்ப நானே கூப்புடுறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாரா வாரம் ஆள் கொண்டுவந்து இறக்குகிறவன் நான், எனக்கே இதுவா என்று சத்தமாகவே புலம்பினேன். அவர் காது கேட்காத மாதிரி நின்றார். என் மனைவி போய்க் கல்லில் உட்கார்ந்து, "சும்மா இருங்க, சரியாத்தான சொல்லுது" என்றாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் முறை வரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. உச்சியில் மேகம் அடைந்திருந்தது. அவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுதான் கடைசிக் கூட்டம் என்றார். எங்களுக்கு முன்னால் எஸ்டேட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பெண்கள். ஒரு தடவைக்கு உள்ளே விடும் ஆள் கணக்கில் அவர்களோடு இன்னும் ஒரே ஒருவர்தான் போகலாம்.

நான் பின்வாங்கினேன். அவள் போனாள். அவள்தான் கடைசி ஆள் என்பதால் பையும் அவள் கைக்குப் போனது. "வெரசாப் போகணும்னு இல்லக்கா. ஒங்களுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அம்புட்டுதேன்" என்றார் காவல்காரப் பெண். அவள் பழக்கதோஷத்தில் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி உள்ளே மறைந்தாள்.

நான் ஜீப்பில் சாய்ந்து நின்றேன். நேரம் போனது. எஸ்டேட் பெண்கள் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக ஒரு தடித்த அம்மா வந்தார். அவர் இடுப்பில் மஞ்சப்பை. அதைக் கழற்றி நீட்டினார்.

காவல்காரப் பெண் வாங்கிக் கம்பத்துக்குக் கொண்டு போனவர், பாதியில் நின்றார். "இந்தப் பைய நான் ஒங்க கையில குடுக்கலையே?"

"பின்னால ஒரு அக்கா காலை இழுத்து இழுத்து வந்தாக. பாவம்னு நான் வாங்கிக்கிட்டேன்" என்றார் அந்த அம்மா. தப்பு நடந்ததாக அவர் முகத்தில் துளியும் தெரியவில்லை. சுற்றி நின்ற பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தோட்டத்தில் அது அப்படித்தான். யார் முதலில் முடிக்கிறாரோ அவர் பின்தங்கியவளின் பையையும் தூக்கிக்கொண்டு எடைக்குப் போவார். காலமெல்லாம் செய்த உதவியைத்தான் அந்த அம்மா இங்கேயும் செய்திருக்கிறார்.

 சங்கிலியைத் தாண்டப் போனேன். காவல்காரப் பெண் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்களும் உள்ள போனா நான் ரெண்டு பேரத் தேடணும்ணே. இங்க நின்னு தண்ணியப் பாருங்க. கலங்குனாலோ, சருகு சேந்து வந்தாலோ விசிலு அடிங்க. ஒங்களத்தேன் நம்பிப் போறேன்." விசிலை என் கையில் திணித்துவிட்டு, அவரே உள்ளே போனார்.

தண்ணீரை அப்படி நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு சருகு வந்தது. பக்கத்து மரத்தில் இருந்து விழுந்ததா, மேலே இருந்து வந்ததா, தெரியவில்லை. இன்னொன்று வந்தது. அப்புறம் இரண்டு சேர்ந்து வந்தன. கண் தண்ணீரில், காது இடுக்கில். உள்ளே இருப்பவள் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஊதினேன், நெஞ்சு வலிக்கும்வரை ஊதினேன். என்னோடு சேர்ந்து எஸ்டேட் பெண்களும் கூவினார்கள். பை வாங்கி வந்த அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார்.

முதலில் காக்கிச் சட்டை தெரிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்தாள். கரையேறி, சங்கிலிக்கு இந்தப் பக்கம் வந்து, எல்லாரும் மேட்டில் ஏறி நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். ஓடை டீத்தூள் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. பெரிய வெள்ளம் இல்லை. ஆனால் அவள் நடந்து வந்த கல்லெல்லாம் முங்கிவிட்டது.

"பை போனப்பவே பின்னாலயே வர வேண்டியதுதான? அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்று கத்தினேன். 

அவள் பதில் சொல்வதற்குள் காவல்காரப் பெண் முந்திக்கொண்டார். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. "அக்கா, பைய விட்டவுகளுக்கு மறுபடி உள்ள போக அனுமதி கெடையாது. வாங்குனவுகளுக்கும் கெடையாது. எனக்குப் பாவமாத்தேன் இருக்கு. ஆனா இத நான் ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஒரு உசுரு போகும்."

உள்ளே போய் அவளைக் கூட்டி வந்த ஆள்தான், தன் சேலை சொட்டச் சொட்ட நின்று இதைச் சொன்னார். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனாலும் என் பெண்டாட்டிக்காக வாய் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவ, அதுவும் அவசரமா, பாதிதான் பாத்திருக்கா தங்கச்சி..." என்று ஆரம்பித்தேன்.

என் மனைவி கையமர்த்தினாள்.

"அது சொல்றதுதேன் சரி" என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "கொளம் வரைக்கும் நான் போகவே இல்லைங்க. போறப்பயும் காலடியவேதேன் பாத்துக்கிட்டுப் போனேன். குப்பை கெடக்கான்னு, வழுக்குமான்னு. திரும்பி வந்த அந்தம்மா பைய வாங்கிக்கிட்டுப் போகவும் கை சும்மா ஆயிருச்சு. அப்பத்தேன் நிமிந்தேன். ரெண்டு பாறைக்கும் நடுவுல வானம் அம்புட்டு ஒசரத்துல, நூலு மாதிரி தெரியுது. அப்புடியே நின்னுட்டேன். விசிலு கூட காதுல விழுகல."

நான் அவள் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

"சின்னப்புள்ளயில இருந்து இந்த மலையிலதேன் சோலி பாத்தேன்" என்றாள். "ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. இன்னைக்குத்தேன் பாத்தேன். போதும், ஜீப்ப எடுங்க."