படிக்காமல் போட்ட கையெழுத்து

1. முதல் நாள்

பாரிவாக்கத்துப் பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் பீரியட், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. உள்ளே நுழைந்தால் ஒரே இரைச்சல். "இன்னாடா சத்தம்? அல்லாரும் குந்து!" என்று அதட்டினேன். வகுப்பே பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக வந்து நின்றவள் இப்படிப் பேசினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

நான் பிறந்தது உக்ரைனில், பொல்தாவா பக்கம். அங்கே எஞ்சினியரிங் படிக்க வந்த தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு கரையான்சாவடிக்குக் குடிவந்தேன். அவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என் தமிழ் முழுக்கத் தண்ணீர் லாரி வரிசையிலும் மீன்கடையிலும் கற்றது. ஊரே என்னை 'ரஷ்யாக்கார மிஸ்' என்றது. "ரஷ்யா இல்ல, உக்ரைன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்போது வகுப்பு ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று வரும். மதியம் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசனை வராண்டா வரை வரும். இன்று அந்த ஜன்னலுக்கு எதிரே அடுக்குமாடி நிற்கிறது. அந்தக் காற்றை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

2. கண்ணாடி மறந்த டீச்சர்

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. தமிழ் பேசுவேன்; ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. கணக்குப் பாடம் ஆங்கிலத்தில், சுற்றறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் ஏதாவது நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டேன், நீங்களே படிங்க" என்பேன். யாரும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் ஆண்டு முடிவில் கரஸ்பாண்டென்ட் ஒரு தமிழ்க் கடிதத்தை அனுப்பினார். "கிளாஸ் டீச்சர் சைன் வேணுமாம் மேடம்" என்றார் கிளார்க். போட்டேன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

மறுநாள் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ரேஷ்மாவின் அம்மா அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார். பூந்தமல்லியில் பஞ்சு மெத்தை தைக்கும் முஸ்லிம் குடும்பம்.

"இன்னா டீச்சர் இது? எம் பொண்ணு பத்தாவதுக்கு லாயக்கில்ல, டிசி வாங்கிக்கினு போன்னு எய்தி, நீயே கையெழுத்து போட்டுக்கீறியாமே! அவுங்கப்பா வேற ஸ்கூலெல்லாம் சேக்க மாட்டாரு. போதும், ஊட்லயே குந்தி மெத்த தைன்னுட்டாரு."

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே கழற்றிவிடும் வழக்கம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து நேரே கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன்.

"சார், இந்தக் கையெழுத்தை நான் வாபஸ் வாங்குறேன்."

"அந்தப் பொண்ணு உங்க கணக்குல தேறாது மேடம். கெட்ட பேரு உங்களுக்குத்தான். அதுவும் படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்து போட்டீங்க?"

ஆமாம் என்றால் ரேஷ்மாவின் படிப்பு போகும். இல்லை என்றால் என் மானம் போகும், வேலையும் போகலாம்.

"இல்ல சார். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அந்த அம்மாதான் பேசினார்.

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது டீச்சர். அதுக்கின்னா இப்போ? எம் பொண்ணாச்சும் படிக்கட்டும்."

கரஸ்பாண்டென்ட் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். "சரி, பத்தாவது எழுதட்டும். ஃபெயிலானா நீங்க இங்க இருக்க மாட்டீங்க" என்றார். நான் சரி என்றேன்.

3. இருபத்தொன்பது

அந்த ஆண்டு முழுக்க ரேஷ்மாவுக்கு மதிய இடைவேளையில் கணக்கு. அது முடிந்ததும் நான் யுகேஜி வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். "மிஸ், உங்க 'இ' கோணலா கீது" என்று வாண்டுகள் திருத்தின. என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்த ஆண்டு வேறு இல்லை.

ரிசல்ட் வந்தது. ரேஷ்மா மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் இருபத்தொன்பது, இன்னும் ஆறு மதிப்பெண் வேண்டியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில்தான் கோட்டைவிட்டாள். ராஜினாமாக் கடிதத்தை நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். கரஸ்பாண்டென்ட் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். "என்ன மன்னிச்சிடு பாய்ம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அய்ய, இன்னாத்துக்கு டீச்சர் அழுவுற? எங்க வம்சத்துலயே பத்தாவது பரிச்ச ஹால்ல போயி குந்துன மொத ஆளு இவதான். ஒண்ணுதானே போச்சு? திரும்ப எய்துவா."

துணைத் தேர்வில் எழுதினாள். நாற்பத்தொன்று. அதற்குள் நான் ஆவடியைத் தாண்டி இன்னொரு கிராமப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். நூறு சதவீதம் என்று பேனர் கட்டிய பள்ளியைப் பார்த்தால், ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். ரேஷ்மாவுக்கு முன்னால் நான்கு பிள்ளைகளின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்கள் பத்தாவதுக்கு வராதபோது, வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றே அப்போது நினைத்திருந்தேன். நால்வர் பெயரும் எனக்குத் தெரியும், தமிழில் பிழையில்லாமல் எழுதவும் தெரியும். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.