மூணாவது மோல்டு ஒட்டிக்கினு கீது

சூடான ரப்பர் வாசனை தெரியுமா உங்களுக்கு? டயர் எரிகிற நாற்றம் இல்லை. அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று... சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ரயிலில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்துகொள்வார். கூட்டத்திலும் எனக்கு இடம் தாராளம்!

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பி.காம். முடித்து, வேலை தேடித் தேடிச் செருப்பு தேய்ந்து, கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஒன்றாக மாறும். உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

வேலை இதுதான்... ரப்பரைக் கொதிக்கிற இரும்பு அச்சுக்குள் வைத்து, பிரஸ்ஸை இறக்கி, வெந்ததும் பிய்த்து எடுக்க வேண்டும். அச்சை மோல்டு என்போம்; ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் சிலிகான் அடிப்போம். எடுத்த உடனே அடுத்ததை வைக்க வேண்டும். கருப்புத் தூள் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். மரத்தூளும் சோப் ஆயிலும் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும், தூங்கி எழுந்தால் தலையணையில் கருப்பு.

நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு டிஃபென்ஸ் ஃபேக்டரி வேலை. அக்கம்பக்கத்தில் யாராவது, "பையன் எங்க வேல பாக்கறான்?" என்று கேட்டால் அப்பா, "அம்பத்தூர்ல" என்பார். அதற்குமேல் பேச்சை மாற்றிவிடுவார். உள்ளே இருக்கும் எனக்கு அது கேட்கும். கேட்காத மாதிரி படுத்துக்கொள்வேன்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து தோளைத் தட்டினால்தான் மிஷினை விட்டு நகரலாம். அவரை ரிலீவர் என்போம். நகரும்போது மிஷின் எப்படி இருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஹீட் ஏறுகிறது, பிரஷர் இறங்குகிறது என்று ஏதாவது.

என் ரிலீவர் ஏழுமலை அண்ணன். வேப்பம்பட்டிலிருந்து வருவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், ராத்திரியில் தூக்கம்... வேறென்ன வேண்டும்? இது கிடைத்தால் இந்த நரகத்திலிருந்து தப்பித்தேன் என்றிருந்தது.

ஆனால் முந்தின வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட். இன்டர்வியூ அன்றுதான் காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு மாறினேன்; ஷிப்ட் முடிவதற்குள் இன்டர்வியூவுக்குப் போயாக வேண்டும். லீவ் கேட்டால் சூப்பர்வைசர் கடித்துக் குதறிவிடுவார். ஏழுமலை அண்ணன்தான், முன்னாடியே வந்து மிஷினை வாங்கிக்கொள்கிறேன் என்றார். சொன்னபடியே வந்து தோளைத் தட்டினார்.

"நீ கெளம்பு நைனா, நான் கீறேன்ல. அங்க போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு குந்தாத. ஷோக்கா பேசு!"

ஓடினேன். குழாயடியில் தேய் தேய் என்று தேய்த்து, தம்பியின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்து...

மேனேஜர் ரூமில் ஏ.சி. நான் உட்கார்ந்த முதல் ஏ.சி. ரூம் அது. மெத்தை வைத்த நாற்காலி வேறு. மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். நடுவில் அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார்...

யாரோ தோளைத் தட்டினார்கள்.

துள்ளி எழுந்தேன். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"வா அண்ணாத்தே... மூணாவது மோல்டு ஒட்டிக்கினு கீது. சிலிகான் நல்லா அடி. நான் கெளம்புறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கதவைப் பார்த்து நடந்தேன்.

கைப்பிடியைத் தொட்டபோதுதான் உறைத்தது. திரும்பினால், என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது மேனேஜர். மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நைட் ஷிப்ட்டா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். எதற்கென்று தெரியாமல் தலையாட்டினேன். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க. தகவல் சொல்றோம்."

நாற்காலி உறையில், நான் தலை சாய்த்திருந்த இடத்தில் கருப்பாக ஒரு கறை. அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தகவல் வரவே இல்லை.

மறுநாள் ஏழுமலை அண்ணன் வந்ததும் முதல் கேள்வி, "இன்னா ஆச்சி?" மறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அடப்பாவி... நேத்து ஷிப்ட் பூரா அந்த மூணாவது மோல்டோட மாரடிச்சிகினு கெடந்தேன். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லாம பூட்ட. ஆபீசராண்ட போயி சொல்லிகினு கீறியே நைனா!"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவசரத்தில் அவரிடம் சொல்ல விட்டுப்போனதைத் தூக்கத்தில் மேனேஜரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அங்கேயும் மானம் போச்சு, இங்கேயும் போச்சு.

அப்புறம் எப்படியோ குமணன்சாவடியில் ஒரு லாரி ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கிருந்து வேறு ஆபீஸ், கம்ப்யூட்டர், ஏ.சி... ஆசைப்பட்ட நாற்காலியிலேயே காலம் ஓடிவிட்டது. போன மாதம் ரிட்டயர் ஆனேன்.

கடைசி நாள் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். என் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லையாம். சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளுமாம். பையை மாட்டிக்கொண்டேன். ஆனால் கால் நகரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது... யாரோ வந்து தோளைத் தட்ட வேண்டியிருக்கிற மாதிரி அந்த சீட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டிப் பெருக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், யாருக்கோசரம் நிக்கிறீங்க? லைட்ட நிறுத்தட்டா?"

யாருமில்லம்மா, நிறுத்திடுங்க என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.