பந்தியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஜோடி

கங்கம்மா அக்காவும் அவள் புருஷன் திருவேங்கடமும் நகரியில் ஒரே பவர்லூம் ஷெட்டில் வேலை செய்தவர்கள். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். இவர்கள் காதல் வளர்ந்ததும் அப்படித்தான்.

ஒரு கல்யாணப் பந்தியில், இந்தச் சாப்பாடு சாப்பிடுகிறாயே, உன் அண்ணன் வீட்டில் பட்டினி போட்டா வளர்த்தார்கள் என்று எல்லார் எதிரிலும் அவளைக் கேலி செய்துவிட்டார் மனுஷன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள் விஜயபுரத்துக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அவரும் கூப்பிடவில்லை, இவளும் வரவில்லை. வீம்பில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. வருஷங்கள் ஓடின.

பெரிய எழுத்தாளர் ஒருவரும் அவர் மனைவியும் அடித்துக்கொண்டு பிரிவதும் சேர்வதுமாக, பழங்காலத்தில் நடக்கிற கதையாக ஒரு சினிமா. அதை நாராயணவனத்தில் எடுத்தார்கள். கூட்டத்தில் நடிக்க ஆள் பிடித்தவன் எங்கள் தெரு கோவர்த்தனன். கல்யாணப் பந்தி சீனில் இவர்கள் இரண்டு பேரையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து உட்கார வைத்தான். எழுத்தாளரும் மனைவியும் முன்னால் சண்டை போடுவார்கள். பின்னால் இருப்பவர்கள் சத்தம் வராமல் ஒன்று, இரண்டு என்று எண்ணி வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று தெலுங்கில் சொன்னார்கள். அக்கா இலையைப் பார்த்தபடியே எண்ணினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

அடுத்த மாசியில் திருவேங்கடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அழ வந்த அக்கா அவர் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இந்தப் புத்தி முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

படம் வந்ததும் புத்தூர் தியேட்டருக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். எழுத்தாளரும் மனைவியும் பக்கம் பக்கமாக வசனம் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. பந்தி சீன் வந்ததும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் திருவேங்கடம் தெரிந்தார். அக்காவையே பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குள் கால் வைக்காத எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாக்கா சொல்றாரு?"

"தப்பு எம்மேலதான், வூட்டுக்கு வந்துடு கங்கா, அப்டீன்றாரு. அதயேதான் திருப்பித் திருப்பி சொல்லிக்கினு கீறாரு."

அவள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. திரையில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

"என்னப் பாரு," என்றாள். "ஏழு, எட்டுன்னு எண்ணிக்கினு கீறேன்."