திறக்க மாட்டன் எண்ட ரிப்போட்

காலமை ஏழரைக்கு லாப்பில இருந்து ஈமெயில் வந்தது. என்ர மாரில வந்த கட்டியில ஊசி போட்டுச் சதை எடுத்த ரிப்போட். போனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, பைப்பையும் திறந்துவிட்டன். வெள்ளவத்தையில மூண்டாம் மாடி, ரெண்டு அறை ஃப்ளாட். எதையும் ஒளிக்கிறதெண்டால் எனக்கு அந்த ஒரு கதவுதான் இருக்கு.

என்ர மனிசனுக்கு இருதயத்தில ஒப்பரேஷன் செய்து ஆறு மாசம்கூட ஆகேல்லை. கட்டி எண்டு கேட்டாலே மனிசன் விழுந்திடுவார். ரிப்போட் நல்லதா வந்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் விழுங்கிப்போடலாம் எண்டு இருந்தன்.

எல்லாம் அது திறந்தால்தானே! பாஸ்வேர்ட், லாப்பில குடுத்த அடையாள அட்டை இலக்கம் எண்டு போட்டிருக்கு. அட்டையைப் பார்த்துப் பார்த்து அடிச்சன். பிழையாம். கடைசியில வாற இங்கிலிஸ் ‘வீ’ எழுத்தைப் பெரிசாப் போட்டன், சின்னனாப் போட்டன், போடாமலும் விட்டன். புது அட்டையின்ர பன்னிரண்டு இலக்கத்தையும் அடிச்சுப் பார்த்தன். சனியன், எல்லாத்துக்கும் பிழை எண்டுதான் சொல்லுது. ஃபைலை அழிச்சுத் திரும்ப இறக்கினன், போனை நிப்பாட்டித் திரும்பப் போட்டன். பயத்தில கை வழுக்கி ரெண்டு தரம் போன் வாளிக்குள்ள விழப் பார்த்தது.

குசினிக்குள்ள ஏனம் உருளுற சத்தம். சீனிப் போத்தல் எங்க இருக்கெண்டு தெரியாத மனிசனுக்கு இண்டைக்கெண்டு அங்க என்ன வேலை? கொஞ்சத்தால கதவடிக்கு வந்து, “இஞ்சேரும், தேத்தண்ணி போட்டிருக்கிறன்” எண்டார். பிறகும் போகாமல் நிண்டார்.

“குளிக்கிறன் எண்டு தெரியேல்லையே? ஒரு அஞ்சு நிமிஷம் ஒரு மனிசிக்கு நிம்மதி இல்லை!” எண்டு பாய்ஞ்சன். செருப்புச் சத்தம் மெல்லமாத் தள்ளிப் போனது.

லாப்புக்குப் போன் எடுத்தன். கடற்கரைப் பக்கம் ரயில் வாற இரைச்சல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தன். அந்தப் பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்திட்டுச் சிங்களத்தில சொல்லிச்சுது: “மிஸ், இதில இருக்கிறது ஆம்பிளை ஒராளின்ர நம்பரெல்லோ?” எங்கட அட்டையில பொம்பிளையளின்ர இலக்கமெண்டால், பிறந்தது வருஷத்தில எத்தினையாம் நாளோ அதோட ஐந்நூறு கூட்டியிருக்கும். இதில கூட்டேல்லையாம்.

அப்பதான் எனக்கு உறைச்சது. கவுண்டரில கேட்ட உடன, வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். அவற்ர இலக்கம்! முப்பது வருஷமாப் பொலிஸ் பதிவுக்கு, கரண்டுக்கு, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்கு எண்டு குடும்பத் தலைவற்ர இலக்கத்தைத்தானே எழுதிக்கொண்டு வந்தனான். என்ர இலக்கத்துக்கு நான் அட்டையைத் தேடவேணும், அவற்ரது நித்திரையிலயும் வரும்.

அடிச்சன். திறந்தது. இங்கிலிசில ரெண்டு பக்கம். புற்றுநோய்க்கு இங்கிலிசில என்ன சொல்லெண்டு ஆருக்குத்தான் தெரியாது? கடைசி வரியில அது இருந்தது.

ஐயோ எண்டு கத்தக்கூட ஏலாமல் துவாயை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு இருந்தன். உள்ளுக்கு இருக்கவும் ஏலாது, வெளியில போய் அவற்ர முகத்தைப் பார்க்கவும் ஏலாது. கடைசியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தன்.

மேசையில தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. பக்கத்தில அவற்ர போன். அதில அதே ரெண்டு பக்கம்.

“போன வருஷம் நான் ரத்தத்தில சீனி பார்த்த லாப்தானே, என்ர போன் நம்பரும் அங்க பதிஞ்சிருக்கு. காலமை எனக்கும் மெசேஜ் வந்தது. என்ர ரிப்போட்டாக்கும் எண்டு என்ர அட்டை நம்பரை அடிச்சன்” எண்டார். “பிறகுதான் உம்மட பெயரைப் பார்த்தனான்.” மனிசன் விழேல்லை.

“டொக்டரிட்ட பதினொரு மணிக்கு இடம் இருக்காம். பதியிறதுக்கு உம்மட அட்டை நம்பர் கேட்டவங்கள். எனக்கு அது தெரியேல்லையப்பா. அதைக் கேட்கத்தான் கதவடிக்கு வந்தனான்.”

நான் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு ஒவ்வொரு இலக்கமா வாசிச்சன். அவர் எழுதினார்.