இரண்டு ஊக்குகள்

ஊக்கின் இரும்புத் துவர்ப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. சேலை கட்டிவிடும்போது ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொள்வது, சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்த அம்மாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். "ஊக்கு குத்தாம யாரையும் வாசப்படி தாண்ட விடக்கூடாது" என்பார் அவர்.

புக்கிட் மேராவில் நான் படித்த பள்ளியில், இன நல்லிணக்க நாளன்று பிற இனத்தாரின் உடையில் வருவது வழக்கம். எனக்குப் பதின்மூன்று வயதான ஆண்டில், வலைப்பந்து அணியின் தலைவி மெய்லிங் சேலை உடுத்த ஆசைப்பட்டாள். அந்த அணியில் நான் எப்போதும் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரி. அவள் மனம் வைத்தால் ஆட வாய்ப்புக் கிடைக்கும் என்ற நப்பாசையில், அரக்குக் கரை போட்ட அம்மாவின் கல்யாணச் சேலையைக் கெஞ்சி வாங்கிச் சென்றேன். அவளுடைய விளையாட்டுக் கால்சட்டையின்மேல் நாடா கட்டி, அதில் கொசுவ மடிப்புகளைச் செருகி, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு ஊக்குகள் குத்தினேன்.

பிறகு மண்டபத்தின் விளக்குகளை அணைத்துப் படம் போட்டார்கள். நிறத்தின் பெயரால் அணியிலிருந்து ஒதுக்கப்பட்ட ஓட்டக்காரன் ஒருவன், பந்தயத்தில் வென்று, வெறுத்தவர்களின் தோள்மீதே ஏறும் கதை. மெய்லிங் விசும்பி அழுதாள். அழுத மூக்கைத் துடைத்துக்கொண்டே பின்னால் திரும்பி, என்னைத் தேடுபவள்போல் இருட்டில் துழாவினாள்.

"ஏய் கயல், எங்கே இருக்கே? கொஞ்சம் சிரிலா, பல்லு தெரிஞ்சாத்தானே கண்டுபிடிக்க முடியும்."

வரிசை முழுவதும் சிரித்தது. உடற்கல்வி ஆசிரியையும் சிரித்துவிட்டு, "ஷ், படத்தைப் பாருங்க" என்றார். திரையில் ஓட்டக்காரன் எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மீதும் ஆத்திரம் வந்தது.

படம் முடிந்து, சிறந்த உடைக்கான பரிசுக்கு மெய்லிங்கை மேடைக்கு அழைத்தார்கள். "சரியா இருக்கா, பாரேன்" என்று என் முன்னால் வந்து நின்றாள். நான் மண்டியிட்டு, மடிப்புகளை நீவுவதுபோல் இடுப்பு ஊக்கை உருவினேன். எழுந்து, முந்தானையைச் சீராக்குவதுபோல் தோள் ஊக்கையும் எடுத்துக்கொண்டேன்.

"அழகா இருக்குலா, போ."

மேடைப்படியில் அவள் கால் கொசுவத்தை மிதித்தது. சேலை முழுவதும் சரிந்தது. நான் காத்திருந்த கண்ணீர் வரவில்லை. அணிச் சட்டையும் கால்சட்டையுமாக நின்றவள் குலுங்கிச் சிரித்து, சேலையைப் பந்தாகச் சுருட்டி, வலைப்பந்து வளையத்தைக் குறிபார்ப்பவள்போல் உயர்த்தி, "கயல், பிடி" என்று வீசினாள். மண்டபம் அதிரக் கைதட்டியது. நான் பிடித்தேன். அரக்குக் கரையில் ஒரு சாண் கிழிசலும் காலணித் தடமும் இருந்தன. அவளை அவமானப்படுத்த எண்ணிய நான், என் அம்மாவின் சேலையை அவள் காலடியில் போட்டிருந்தேன்.

அன்று மாலை அம்மா கிழிசலை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"ஊக்கு குத்துனியா?"

"குத்துனேம்மா."

"அப்போ ஊக்குதான் சரியில்ல." டப்பாவிலிருந்த அத்தனை ஊக்குகளையும் குப்பையில் கொட்டினார். நான் உருவிய இரண்டும் என் சீருடைப் பையில் கிடந்தன. அந்தப் பொய்யை அவருடைய கடைசி நாள்வரை நான் திருத்தவில்லை. அந்தக் கணக்கையும் மெய்லிங்கின் பெயரிலேயே வைத்திருக்கிறேன்.

இன்று அந்த மண்டபம் இல்லை. பள்ளி வேறொன்றுடன் இணைந்துவிட்டது. தையற்கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். நான் சமூகப்பணி படித்து, பிள்ளைகளுக்காக வாதாடும் வேலையில் இருக்கிறேன். சென்ற ஜூன் மாதம் மெய்லிங்கிடமிருந்து செய்தி வந்தது: "அந்தச் சேலை இன்னும் இருக்கா? என் மகளுக்கு ஸ்கூல்ல வேணுமாம். அன்னைக்கு எவ்வளவு ஜாலியா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். அந்தச் சிறுமி எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் அவள் வகுப்பிலும் யாரோ ஒரு கயல் இருட்டில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

"இருக்கு. நானே வந்து கட்டிவிடறேன், ஊக்கும் குத்தறேன். அதுக்கு முன்னாடி, படம் ஓடினப்போ நீ என்கிட்ட என்ன சொன்னேங்கறத உன் மகள்கிட்ட நீயே சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன்."

அவள் படித்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. நல்லிணக்க நாள் வரும் ஜூலையும் கடந்துவிட்டது; பதில் இல்லை. தைத்த கரை மேலே தெரியும்படி சேலையை மடித்து வைத்திருக்கிறேன். அதன்மேல் அந்த இரண்டு ஊக்குகள்.